தரவுத்தள சர்வரில் வட்டைப் பிரித்தல்: எதைத் தனியாக்குவது, எதை ஒதுக்காமல் வைப்பது

கேள்வி சுருக்கமாக இது: ஒரு நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளுக்காகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வர் ஒன்று புதிதாக அமைக்கப்படுகிறது. அதில் 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டும் 1.92 டிபி எஸ்எஸ்டி நான்கும் இருக்கின்றன. தரவுத்தளம் இப்போது 180 ஜிபி. மாதத்துக்கு 8 முதல் 10 ஜிபி வரை வளர்கிறது. லினக்ஸ் நிறுவும்போது எல்லாவற்றையும் இயங்குதளம் இருக்கும் ஒரே ரூட் பிரிவில் போட்டுவிட்டால் தலைவலி இல்லை என்கிறார் ஒருவர். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு வேண்டும், இருக்கும் இடம் முழுவதையும் இன்றே பங்கிட்டுவிட வேண்டும் என்கிறார் இன்னொருவர். இவர்களில் யார் சொல்வது சரி?

இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸில் வட்டு இடத்தைப் பங்கிடும் எல்விஎம் வசதியில் உருவாக்கும் தனித்தனி லாஜிக்கல் வால்யூம்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை சிலவாக இருக்கட்டும். தொடக்கத்தில் சிறியவையாகவும் இருக்கட்டும். தரவு வட்டுகளின் மொத்த இடத்தில் பாதிக்கு மேல் எந்த வால்யூமுக்கும் ஒதுக்கப்படாமல், வால்யூம் குரூப் எனப்படும் பொதுத் தொகுப்பிலேயே இருக்க வேண்டும். லினக்ஸில் ஒரு வால்யூமைப் பெரிதாக்குவது, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகளில் முடிகிற வேலை. சிறிதாக்குவதோ பல நேரங்களில் முடியாத வேலை. திட்டம் முழுவதையும் இந்த ஒரு உண்மையிலிருந்து தொடங்கினால் மற்ற முடிவுகள் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

எல்விஎம் செயல்படும் விதத்தை ஓரிரு வரிகளில் நினைவூட்டிவிடுகிறேன். வட்டு, வட்டுப் பிரிவு, பல வட்டுகளை ஒன்றாக இணைத்த ரெய்டு சாதனம் ஆகியவற்றில் ஒன்றைப் பிசிக்கல் வால்யூம் என்று அறிவிக்கிறோம். அத்தகைய ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து வால்யூம் குரூப் ஆக்குகிறோம். அந்தக் குரூப்பின் இடம், இயல்பு அமைப்பில் 4 எம்பி அளவுள்ள எக்ஸ்டெண்ட்களாகப் பார்க்கப்படுகிறது. லாஜிக்கல் வால்யூம் என்பது இந்த எக்ஸ்டெண்ட்களின் பட்டியல்தான். பட்டியலில் இன்னும் சில எக்ஸ்டெண்ட்களைச் சேர்த்தால் வால்யூம் பெரிதாகிவிடுகிறது. அவை வட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரணப் பார்ட்டிஷனில் இது முடியாது. ஒரு பிரிவுக்குப் பின்னால் உடனே இன்னொரு பிரிவு இருந்தால் முன்னதை வளர்க்க வழியில்லை.

சிறிதாக்குவதில் உள்ள சிக்கல் எல்விஎம் சார்ந்தது அன்று. அது வால்யூமுக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையைச் சார்ந்தது. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை நடைமுறையில் சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ட்4 என்ற இன்னொரு முறைமை சுருங்கும், ஆனால் அதற்கு அதை அன்மவுண்ட் செய்ய, அதாவது கோப்பகத்திலிருந்து கழற்ற, வேண்டும். தரவுத்தளத்தில் அதற்குப் பொருள் சேவையை நிறுத்துவதுதான். வளர்ப்பது இரண்டிலுமே மவுண்ட் ஆகியிருக்கும்போதே நடக்கும். ஆகவே இன்று 3 டிபியை ஒரே வால்யூமுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு வேறொன்றுக்காக 200 ஜிபி தேவைப்பட்டால், அந்த 3 டிபியிலிருந்து எடுக்க எளிய வழி இருக்காது. எக்ஸ்ட்4 என்று முடிவு செய்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது இயல்பாகவே 5 விழுக்காடு இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 1 டிபி வால்யூமில் இது 50 ஜிபிக்கு மேல் வரும். போஸ்ட்கிரெஸ் ரூட்டாக ஓடுவதில்லை என்பதால் அந்த இடத்தை அதனால் தொட முடியாது. தரவு வால்யூமில் இதைக் குறைத்துவிடலாம். ரூட் வால்யூமில் அப்படியே விட்டுவிடுங்கள்.

எதைத் தனியாக்குவது என்ற கேள்விக்குப் பலர் வேகத்தைக் காரணம் காட்டி விடை சொல்வார்கள். ஒரே எஸ்எஸ்டித் தொகுப்பின்மீது நான்கு லாஜிக்கல் வால்யூம்களை உருவாக்கினால் வேகம் கூடாது. கீழே இருப்பவை அதே வட்டுகள்தாம். பிரிப்பதற்கான உண்மையான காரணம், ஒன்று நிரம்பும்போது எது நிற்கக் கூடாது என்பதுதான். லாக் கோப்புகள் பெருகித் தரவுத்தளம் நிற்கக் கூடாது. யாரோ எடுத்த டம்ப் (தரவுத்தளத்தின் ஏற்றுமதி நகல்) கோப்பு ரூட்டை நிரப்பி, சர்வருக்குள் நுழைவதே சிரமமாகிவிடக் கூடாது. ஒரு வால்யூமுக்கு எல்லை போடும் ஒவ்வொரு முறையும் “இது நிரம்பினால் எது காப்பாற்றப்படுகிறது?” என்று கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காத எல்லைகள் வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் வால்யூமும் கண்காணிக்க வேண்டிய இன்னொரு அளவாகிவிடும்.

போஸ்ட்கிரெஸில் இந்தக் கேள்விக்கு மிக முக்கியமான விடை, வால் எனப்படும் ரைட் அஹெட் லாக். ஒவ்வொரு மாற்றமும் முதலில் இங்கேதான் எழுதப்படுகிறது. இயல்பாக 16 எம்பி அளவுள்ள கோப்புகளாக அது சேர்கிறது. செக்பாயின்ட், அதாவது மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதும் வேலை, முடிந்ததும் தேவையற்ற பழைய கோப்புகள் மறுபயன்பாட்டுக்குப் போகும் அல்லது நீக்கப்படும். இதன் அளவைக் கட்டுப்படுத்தும் மேக்ஸ்_வால்_சைஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 1 ஜிபி என்பதைப் பார்த்து, வாலுக்கு 5 ஜிபி போதும் என்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எல்லை மென்மையானது. முக்கியமாக இரண்டு சூழல்களில் அது பொருட்படுத்தப்படாது. முதலாவது, வால் கோப்புகளை வேறிடத்துக்குக் காப்பகப்படுத்தும் ஆர்க்கைவ் கட்டளை தோல்வியடைந்துகொண்டே இருப்பது. காப்பகத்துக்குப் போகாத கோப்பைப் போஸ்ட்கிரெஸ் நீக்காது. இரண்டாவது, மாற்றங்களைத் தொடர்ந்து பெற்றுக்கொள்ளும் ஸ்டாண்ட்பை (மாற்று) சர்வர் எதுவரை பெற்றது என்று நினைவில் வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் இருந்து, அந்த ஸ்டாண்ட்பை நின்றுபோவது. அது திரும்பி வந்து கேட்கும் என்று கோப்புகள் காத்திருக்கும். இடம் முழுவதும் தீரும்வரை காத்திருக்கும்.

தரவு வால்யூம் நிரம்பினால், இடம் தேவைப்பட்ட அந்தப் பரிவர்த்தனை பிழையுடன் முடியும். சர்வர் பெரும்பாலும் தொடர்ந்து ஓடும், படிக்கும் வினவல்களுக்கு விடையும் தரும். வால் எழுத இடமில்லை என்றால் நிலைமை வேறு: போஸ்ட்கிரெஸ் பேனிக் நிலையை அறிவித்துத் தன்னையே நிறுத்திக்கொள்ளும். எழுதப்பட்ட தரவுக்குச் சேதம் இராது. இடம் கிடைத்ததும் மீட்பு ஓடி எழுந்து நிற்கும். ஆனால் இடம் எங்கிருந்து வரும்? இந்த இடத்தில்தான் பதற்றத்தில் வால் கோப்பகத்துக்குள் போய்ப் பழையதாகத் தெரியும் கோப்புகளைக் கையால் நீக்குகிற பேராபத்து நடக்கிறது. அந்தக் கோப்புகளில் மீட்புக்குத் தேவையானது ஒன்று போனாலும் தரவுத்தளத்தை இழக்கும் நிலை வரும். வால்யூம் குரூப்பில் இடம் மிச்சம் இருந்தால் அந்தக் கோப்பகத்தைத் திறக்க வேண்டிய தேவையே எழாது. வாலுக்கான வால்யூமை 20 ஜிபி வளர்த்து, சர்வரைத் தொடங்கி, பிறகு நிதானமாக ஆர்க்கைவ் ஏன் நின்றது என்று பார்க்கலாம். ஒதுக்காத இடத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

வாலுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதைத் தரவுத்தளத்தின் அளவை வைத்துக் கணக்கிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வால் உருவாகிறது, ஒரு கோளாறு யார் கண்ணிலும் படாமல் எத்தனை மணி நேரம் போகக்கூடும் என்ற இரண்டையும் பெருக்குங்கள். சராசரியாக மணிக்கு 2 ஜிபி உருவாகிறது, வெள்ளி இரவு ஆர்க்கைவ் நின்றால் திங்கள் காலையில்தான் ஒருவர் பார்ப்பார் என்றால், 60 மணி நேரத்துக்கு 120 ஜிபி. அதனால் 150 ஜிபி கொடுக்கலாம். இரவிலும் ஆள் இருக்கும் இடமானால் இதில் பாதிகூடப் போதும். கூடவே, போஸ்ட்கிரெஸ் 13-இல் வந்த மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் அமைப்புக்கு 100 ஜிபி என்று மதிப்புக் கொடுத்துவிடுங்கள். அதன் இயல்பு மதிப்பு எல்லையற்றது. எல்லை வைத்தபின், நின்றுபோன ஸ்டாண்ட்பையை மறுபடி கட்டவேண்டி வரலாம். ஆனால் முதன்மை சர்வர் உயிரோடிருக்கும். இது ஸ்லாட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஆர்க்கைவ் தோல்விக்கு இத்தகைய தடுப்பு இல்லை. அதற்குக் கண்காணிப்பு ஒன்றே வழி.

தரவு வால்யூமின் கணக்கு எளிது. இன்று 180 ஜிபி. மாதம் 10 ஜிபி என்று கூடுதலாகவே வைத்தாலும் ஓராண்டில் 300 ஜிபி. அதன்மேல், உங்கள் மிகப் பெரிய அட்டவணையை இன்டெக்ஸ்களுடன் முழுமையாக மறுபடி எழுத இடம் வேண்டும். அப்படி மறுபடி எழுதும் வாக்யூம் ஃபுல் கட்டளையை ஓட்டினால் பழைய பிரதியும் புதிய பிரதியும் சிறிது நேரம் ஒருசேர வட்டில் இருக்கும். பெரிய இன்டெக்ஸை மறுபடி கட்டும்போதும் அப்படியே. அந்த அட்டவணை 60 ஜிபி என்று கொண்டால் 360. ஆகவே 400 ஜிபியில் தொடங்குங்கள். 80 விழுக்காட்டைத் தொட ஓராண்டுக்கு மேல் ஆகும். தொடும்போது இன்னும் 200 ஜிபி சேர்க்கலாம்.

எந்தக் கோப்பகத்தில் மவுண்ட் செய்வது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். பின்னாளில் நேரத்தைச் சேமித்துத் தருவது அதுதான். டெபியன், உபுண்டு அமைப்புகளில் போஸ்ட்கிரெஸ் தரவு, பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பகத்துக்குள் இருக்கும். அந்தப் பதிப்புக் கோப்பகத்தின்மீது மவுண்ட் செய்யாமல், அதற்கு மேலே உள்ள போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பொதுக் கோப்பகத்தின்மீது மவுண்ட் செய்யுங்கள். அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போது பிஜி_அப்கிரேட் கருவியை லிங்க் முறையில் ஓட்டினால், தரவு நகலெடுக்கப்படாமல் அதே கோப்புக்கு இன்னொரு பெயரான ஹார்ட் லிங்க் மட்டும் போடப்படும். நூற்றுக்கணக்கான ஜிபி இருந்தாலும் வேலை விரைவில் முடியும். ஆனால் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கோப்பு முறைமையில் இருந்தால்தான் அது நடக்கும். பதிப்புக்கு ஒரு வால்யூம் என்று வைத்தவர்கள் அன்றைக்கு முழு நகலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

மவுண்ட் புள்ளியையே நேரடியாகத் தரவுக் கோப்பகமாக வைக்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏதோவொரு நாள் சர்வர் மறுதொடக்கம் ஆகி, வால்யூம் மவுண்ட் ஆகாமல் போனால், அங்கே ரூட் வால்யூமின் வெறும் கோப்பகம் தெரியும். யாராவது அல்லது ஏதாவது ஒரு தானியங்கிக் கருவி அதைப் புதிய நிறுவல் என்று எண்ணி வெற்றுத் தரவுத்தளத்தை அங்கே உருவாக்கிவிடலாம். இதைத் தடுக்க, வால்யூமை மவுண்ட் செய்வதற்கு முன்பே அந்த வெறும் கோப்பகத்தை ரூட்டுக்கு உரியதாக்கி, சாட்டர் கட்டளையால் மாற்ற முடியாததாகப் பூட்டிவிடுங்கள். மவுண்ட் ஆனபின் வால்யூமின் சொந்த அனுமதிகள்தாம் செல்லும். மவுண்ட் ஆகாத நாளில் யாராலும் அங்கே எழுத முடியாது. சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில், இந்த மவுண்ட் இல்லாமல் போஸ்ட்கிரெஸ் தொடங்கக் கூடாது என்ற சார்பையும் சேர்த்துவிடுங்கள். மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் யுயுஐடி என்ற அடையாள எண்ணை எழுதுவதைவிட, வால்யூமின் பெயரைக் கொண்ட மேப்பர் பாதையை எழுதுவது இங்கே நல்லது. வால்யூமின் ஒரு கணத்துப் பிரதியான ஸ்னாப்ஷாட்டை எடுத்தால் மூலத்துக்கும் அதற்கும் கோப்பு முறைமையின் யுயுஐடி ஒன்றாகவே இருக்கும். மேப்பர் பெயர் குழப்பாது.

மூன்றாவதாக டம்ப், பேக்கப் தயாரிப்பு ஆகியவற்றுக்கு 300 ஜிபி. தற்காலிகக் கோப்புகளுக்குத் தனி வால்யூம் வேண்டுமா என்றால், பில்லிங் பணிக்கு வேண்டாம் என்பேன். பெரிய வரிசைப்படுத்தல்களால் தரவு வால்யூம் நிரம்பாமலிருக்க டெம்ப்_ஃபைல்_லிமிட் அமைப்பே போதும். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியான எல்லை, மொத்தத்துக்கான எல்லை அன்று என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மாதக் கடைசியில் கனமான அறிக்கைகள் ஓடுவதாகத் தெரிந்தால் பிறகு ஒரு வால்யூம் உருவாக்கிக்கொள்ளலாம். அதற்குத்தான் இடம் இருக்கிறதே.

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது ரெய்டு. நான்கு 1.92 டிபி வட்டுகளை, ஒவ்வொரு தரவும் இரண்டு வட்டுகளில் இருக்கும் ரெய்டு 10 ஆக்கினால் 3.84 டிபி கிடைக்கும்; தயாரிப்பாளர் பத்தின் மடங்குகளிலும் எல்விஎம் இரண்டின் மடங்குகளிலும் கணக்கிடுவதால் திரையில் அது சுமார் 3.49 என்று தெரியும், வட்டில் குறை ஒன்றுமில்லை. அந்த ரெய்டு சாதனம் ஒரே பிசிக்கல் வால்யூம், அதன்மேல் ஒரே வால்யூம் குரூப். 400, 150, 300 ஜிபி போக, ஏறக்குறைய 2.6 டிபி ஒதுக்கப்படாமல் இருக்கும். ரெய்டு இல்லாமல் நான்கு வட்டுகளையும் அப்படியே குரூப்பில் சேர்ப்பது மட்டும் கூடாது. ஒரு வால்யூம் இரண்டு வட்டுகளில் பரவியிருந்து அவற்றில் ஒன்று போனால், வால்யூம் முழுவதும் போய்விடும். வேகத்துக்காகத் தரவைத் துண்டுகளாகப் பல வட்டுகளில் பரப்பும் எல்விஎம்மின் ஸ்ட்ரைப் முறையையும் தவிர்க்கலாம், ரெய்டு 10 அதைக் கீழேயே செய்துவிடுகிறது. நான்கு பிசிக்கல் வால்யூம்களில் ஸ்ட்ரைப் செய்த ஒன்றை அதே அமைப்பில் வளர்க்க நான்கிலும் இடம் வேண்டும்; பிறகு ஒற்றை வட்டைச் சேர்த்து வளர்க்க நினைப்பவர்கள் அங்கே முட்டி நிற்பார்கள். எதிர்காலத்தில் இடம் போதாவிட்டால் மிரர் செய்த (ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்) இரண்டு புதிய வட்டுகளைக் குரூப்பில் சேர்க்கலாம். பழைய வட்டுகளை விலக்க வேண்டுமானால் பிவிமூவ் கட்டளை, தரவுத்தளம் ஓடும்போதே எக்ஸ்டெண்ட்களை இடம் மாற்றித் தரும்.

480 ஜிபி இணையை மிரர் ஆக்கி இயங்குதளத்துக்கு விட்டுவிடுங்கள். பிரிவு அட்டவணை ஜிபிடி. யுஇஎஃப்ஐ தொடக்கப் பிரிவு 1 ஜிபி, இரண்டு வட்டுகளிலும் தனித்தனியாக. ஒரு வட்டு போனாலும் மற்றதிலிருந்து தொடங்க அது உதவும். பூட் பிரிவு 1 ஜிபி, எல்விஎம்முக்கு வெளியே. எஞ்சியது இன்னொரு வால்யூம் குரூப்: ரூட் 40, மாறிக்கொண்டிருக்கும் கோப்புகளுக்கான வார் 30, லாக் 20, நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் 8 ஜிபி. இயங்குதளத்தையும் தரவையும் ஒரே குரூப்பில் கலக்காதீர்கள். இயங்குதளத்தை மறுபடி நிறுவும் நாளில் தரவுக் குரூப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சர்வர் உண்மையில் ஒரு மெய்நிகர் இயந்திரமானால், தரவு வட்டில் பிரிவு அட்டவணையே இல்லாமல் முழு வட்டையும் பிசிக்கல் வால்யூம் ஆக்குவது எளிது. அடியில் வட்டை வளர்த்தபின் பிவிரீசைஸ் ஒன்று போதும்.

வாலைத் தனி வால்யூமில் வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒரு வால்யூமின் ஒரு கணத்தைப் பிடிக்கிறது. தரவும் வாலும் ஒரே வால்யூமில் இருந்தால், அந்தக் கணத்தின் பிரதி மின்சாரம் துண்டிக்கப்பட்ட சர்வரின் நிலைக்கு ஒப்பானது. மீட்பு ஓடிச் சரியாக எழும். இரண்டும் இரண்டு வால்யூம்களில் இருந்தால் இரண்டு ஸ்னாப்ஷாட்களும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவையாக இரா. அந்தப் பிரதியிலிருந்து எழும் தரவுத்தளத்தை நம்ப முடியாது. இதற்கான தீர்வு, ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னும் பின்னும் போஸ்ட்கிரெஸின் பேக்கப் தொடக்க, முடிவுச் செயல்பாடுகளை அழைத்து, இடைப்பட்ட வால் கோப்புகளையும் காப்பகத்தில் வைத்திருப்பது. பதிப்பு 15 முதல் அவற்றின் பெயர்கள் பிஜி_பேக்கப்_ஸ்டார்ட், பிஜி_பேக்கப்_ஸ்டாப். என் பார்வையில் இந்த விலை கொடுக்கத்தக்கதே. ஸ்னாப்ஷாட்டை மட்டும் நம்பும் பேக்கப்பை எப்படியும் நான் ஏற்க மாட்டேன். அது அதே வட்டுகளில்தான் இருக்கிறது. மேலும் பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்கும் குரூப்பில் இடம் வேண்டும். மூலம் மாறும்போது ஒவ்வொரு துண்டின் பழைய உள்ளடக்கமும் முதலில் அங்கே நகலாகும், அதனால் எழுதும் வேகம் குறையும். ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். வேலை முடிந்தவுடன் நீக்கிவிடுங்கள்.

நெகிழ்வுதான் வேண்டுமென்றால், எழுதும்போது மட்டும் இடம் எடுத்துக்கொள்ளும் தின் பூல் பயன்படுத்தலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அதில் இருக்கும் இடத்தைவிட அதிகமாகவே ஒதுக்கிக்கொள்ளலாம். பூல் நிரம்பினால் எழுதும் கோரிக்கைகள் இயல்பாக 60 நொடி காத்திருந்து பிறகு பிழையாகும்; கோப்பு முறைமை தன்னிடம் இடம் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிழை வரும். தானாக வளரும் வசதி உண்டென்றாலும் அதன் இயல்பு வரம்பு 100 விழுக்காடு, அதாவது அணைந்தே இருக்கும். சோதனைச் சர்வர்களுக்கு இது அருமையான கருவி. முதன்மைத் தரவுத்தளத்துக்கு, இடம் தீர்ந்தால் கோப்பு முறைமைக்கே முதலில் தெரியும் சாதாரண வால்யூம்தான் பாதுகாப்பு.

வளர்க்கும் வேலைக்கு எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையுடன், கோப்பு முறைமையையும் சேர்த்து வளர்க்கச் சொல்லும் ஆர் என்ற விருப்பத்தைத் தாருங்கள். அதை விட்டுவிட்டால் வால்யூம் பெரிதாகியிருக்கும், டிஎஃப் கட்டளை பழைய அளவையே காட்டும். கட்டளையில் 200 ஜிபி என்று எழுதும்போது முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். குறி இருந்தால் இருப்பதோடு 200 சேரும், இல்லாவிட்டால் மொத்தம் 200 ஆக்கச் சொல்வதாகப் பொருள். கண்காணிப்பில் இரண்டு அளவுகள் வேண்டும்: ஒவ்வொரு கோப்பு முறைமையும் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்பது ஒன்று, வால்யூம் குரூப்பில் மிச்சம் எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. எல்விஎம் தன் அமைப்பு விவரங்களை ஈடிசி கோப்பகத்தின் எல்விஎம் பகுதியில் உரைக் கோப்புகளாகத் தானே சேமித்து வைக்கும். அவை சில கேபி அளவுதான், அவற்றின் பிரதி வேறொரு இயந்திரத்திலும் இருக்கட்டும்.

தரவு ஏற்றுவதற்கு முன், சர்வர் வெறுமையாக இருக்கும் நாளில், வாலுக்கான வால்யூமை முதலில் 2 ஜிபியாக மட்டும் உருவாக்கி, ஆர்க்கைவ் கட்டளையை வேண்டுமென்றே தோல்வியடையச் செய்து, சோதனைச் சுமை தரும் பிஜிபெஞ்ச் கருவியால் அதை நிரப்பிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் நிற்கும்; லாக் கோப்பில் வரும் பேனிக் வரியை உங்கள் குழுவினர் அனைவரும் பார்க்கட்டும். பிறகு அவர்களில் ஒருவர், நீங்கள் சொல்லித்தராமல், வால்யூமை 150 ஜிபிக்கு வளர்த்துச் சேவையைத் தொடங்கட்டும். அவர் தட்டிய கட்டளைகளை அப்படியே குழுவின் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டு, ஆர்க்கைவ் கட்டளையைச் சரியான மதிப்புக்குத் திருப்பிய பிறகு 180 ஜிபி தரவை ஏற்றத் தொடங்கலாம்.